குடிபூரலுக்கு ஓர் அகப்பை

எங்கள் பக்கத்தில் யாராவது வீடு கட்டிக் குடிபூர்ந்தால் சுவர் மணிக்கூடுதான் கொடுப்போம். யார் தொடக்கி வைத்தார்களோ தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்த மணிக்கூடுகள் எல்லாவற்றையும் மாட்டியிருந்தால் சாமிப்படத்துக்குச் சுவரில் இடம் இருந்திராது. ஒன்று குசினியில், அடுப்புக்கு மேல், ஓடுகிறது. மற்றவை அலுமாரிக்கு மேல் பெட்டி பிரிக்காமல் கிடந்து, ஒவ்வொன்றாக அடுத்தவர் வீட்டுக் குடிபூரலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நான் கொடுத்த மணிக்கூடு ஒருநாள் ஊரைச் சுற்றிவிட்டு என்னிடமே வந்து சேர்ந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

அதனால் என் சிநேகிதியின் வீட்டுக்கு ஓடு போட்டு முடிந்தது என்று தெரிந்த அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். இவளுக்கு மணிக்கூடு கிடையாது. குசினிக்கு ஒரு நல்ல சாமான் வாங்கிக் கொடுக்கவேண்டும். அவள் கை தினமும் படுகிற ஒன்று.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அரசாங்க வீட்டுத்திட்டத்தில் தொடங்கி, ஜன்னலுக்கு மேல் எழும்பாமல் வருடக்கணக்காக நின்றது அது. புருஷன் இல்லாதவள். மகன் மேசன் வேலை பழகி வந்த பிறகுதான் தாயும் மகனுமாகச் சேர்ந்து மீதிச் சுவரைக் கட்டினார்கள். அவள் கல் எடுத்துக் கொடுப்பாள், அவன் வைப்பான். அதுவரைக்கும் இரண்டு பேரும் பின்னால் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். மாரிக்கு அந்தத் தகரம் போடும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். எங்கள் வளவுக்கும் அவள் வளவுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான்.

அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவள் பிறந்தது இங்கே, கண்டாவளைப் பக்கம்தான். என் தகப்பன் குடியேற்றத் திட்டத்தில் வயல்காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஆக, இரண்டு வீட்டுக்காரரும் வந்தவர்கள்தான். ஆனால் எங்கிருந்து வந்தவர்கள் என்ற கதை எங்கள் ஊரில் இன்னும் முடியவில்லை. அது ஒருவர் வாயாலும் வெளியே வருவதில்லை. வந்தால் சண்டை பிடித்தாவது தீர்க்கலாம். எனக்குச் சண்டை பிடிக்க நன்றாக வரும்.

எப்படியென்றால், ஒரு வீட்டில் அலுவல் என்றால், கலியாணமோ, பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சாமத்தியவீடோ, செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டியோ எதுவானாலும், முதல் நாளே பெண்கள் கூடிவிடுவோம். மரக்கறி வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம், வெங்காயம் உரிக்கிறவர்கள் ஒரு பக்கம். பின்வளவில் கல் வைத்து அடுப்பு மூட்டிக் கிடாரம் ஏற்றுவார்கள். கிடாரத்துக்குப் பக்கத்தில் அகப்பையோடு நிற்பவர்தான் அன்றைக்கு அங்கே அதிகாரி. உப்புப் பார்ப்பதும் அவர், எல்லாரையும் ஏசுவதும் அவர். என் சிநேகிதி எல்லா வீட்டு அலுவலுக்கும் வருவாள், முதல் ஆளாகவே வருவாள். அவளுக்கு இடம் மரத்துக்குக் கீழே. சாக்கை விரித்து, திருவலையில் ஏறி இருந்து, குவித்து வைத்த தேங்காய்ப் பாதிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருவிக்கொண்டிருப்பாள். சிரட்டையின் கறுப்பு ஒரு துகள் கலக்காமல் தேங்காய்ப்பூ வெள்ளை வெளேரென்று விழும். "அவளைப் போல ஒருத்தரும் திருவமாட்டினம்" என்று சொல்லாத வாய் கிடையாது. தாம்பாளம் நிறைந்ததும் யாராவது போய் எடுத்துக்கொண்டு வருவோம். அவள் எழும்பி அடுப்படிக்கு வருவதில்லை. வரவேண்டாம் என்று ஒருவரும் சொன்னதும் இல்லை.

அவள் வீட்டுக்கு எங்கள் ஆட்கள் போனாலும் இப்படித்தான். கதிரையில் இருப்பார்கள், சிரித்துக் கதைப்பார்கள். தேத்தண்ணி என்றதும் ஒருவர் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தவராக இருப்பார், இன்னொருவருக்கு வயிறு சரியிருக்காது. கடையிலிருந்து சோடா வாங்கி வந்தால் குடிப்பார்கள். மூடி திறக்கிற சத்தத்தைக் காதால் கேட்டால்தான் அவர்களுக்குத் தாகம் வரும். நான் அவள் வீட்டில் சாப்பிடுகிறவள். அதற்காக எனக்கு ஒருவரும் மாலை போடவேண்டாம். அவள் சுடுகிற ரொட்டியும் சம்பலும் அவ்வளவு ருசி, வேறொன்றும் இல்லை.

சாமான் வாங்கக் கிளிநொச்சிக்குப் போனபோது மச்சாளும் கூட வந்தார். மச்சாள் என்றால் என் கணவரின் தமக்கை. அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது, சேலை விலை பார்க்கவேண்டும் என்று புறப்பட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவராது. ஆனால் ஒருவரை விட்டு ஒருவர் கடைக்குப் போகவும் மாட்டோம். தனியாகப் போனால் யாரோடு வாய் காட்டுவது?

பாத்திரக் கடையில் நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். குக்கர் என்றால் அவளுக்குப் பயம், விசில் அடித்தால் வளவுக்கு ஓடிவிடுவாள். கிறைண்டர் வாங்கலாம் என்றால் அந்த வீட்டுக்கு இன்னும் கறண்ட் இழுக்கவில்லை.

"இடியப்ப உரல் ஒண்டு குடும்," என்றார் மச்சாள். "அப்பவாவது உந்த ரொட்டியை விட்டிட்டு இடியப்பம் புழியப் பழகட்டும்."

"அவள் புழியிற இடியப்பம் நூல் மாதிரி இருக்கும். நீங்கள் ஒருநாள் சாப்பிட்டுப் பார்த்திருந்தால் தெரியும்," என்றேன்.

மச்சாள் ஏதனத் தட்டுகளைப் பார்க்கத் தொடங்கினார்.

பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. மேசை விளிம்பில் பூட்டுகிற திருவலை. எவர்சில்வர். ஒரு கையால் தேங்காயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிடியைச் சுற்றினால் போதும். கடைக்காரர் தன் மேசையில் பூட்டிச் சுற்றிக் காட்டினார், சத்தமே இல்லாமல் ஓடியது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இத்தனை காலமும் குந்தியிருந்து திருவி அவளுக்கு நாரி பிடித்துப்போயிருந்தது. காலையில் எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புவாள். இதைக் கண்டால் குழந்தைப்பிள்ளை போலச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கட்டித் தாருங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லியும்விட்டேன்.

மச்சாள் கிட்ட வந்து பிடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நான் வாங்குகிற எதையும் நல்லதென்று சொல்லாதவர், அன்றைக்குச் சொன்னார்.

"இது நல்ல சாமான். கெதியா வேலை முடியும். இனி எங்கட வீட்டு அலுவல்களுக்கு வரேக்க அவள் இதையே கொண்டு வரலாம்."

கெட்ட மனசோடு சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. மச்சாள் சொல்லும்வரை நானும் அப்படியொன்றை நினைத்துப் பார்க்கவில்லை. அவளுக்கு ஒரு வீடு கிடைத்திருக்கிறது, சொந்தக் குசினி கிடைத்திருக்கிறது. அதற்கு நான் வாங்கப்போவது, எங்கள் வீட்டு மரத்தின் கீழே இருந்து வேலை செய்ய ஒரு நல்ல கருவி. பூப்போட்ட தாளில் கட்டி, இதுதான் உன் இடம் என்று கையில் கொடுக்கப்போகிறேன். அவளும் சந்தோஷமாக வாங்குவாள். அதை நினைக்க எனக்கு இன்னும் கூடக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

"அதை வையுங்கோ," என்றேன் கடைக்காரரிடம். "அந்த அகப்பையை எடுங்கோ. அது இல்லை, அதுக்குப் பின்னால இருக்கிற பெரிசு."

நீளப் பிடி, உள்ளங்கை இரண்டையும் சேர்த்து ஏந்தினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரிய குழி. கிடாரத்தின் அடிவரைக்கும் போகும். கடைக்காரர் இறக்கித் தூசி தட்டிக்கொண்டே கேட்டார்.

"கோயிலுக்கோ அக்கா?"

"இல்லை. ஒரு வீட்டுக்கு."

"வீட்டில எத்தினை பேர்?"

"ரெண்டு பேர்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மச்சாளும் பார்த்தார். ஆனால் மச்சாளுக்கு விளங்கிவிட்டது. அவருக்கு விளங்காத விஷயம் எங்கள் ஊரில் நடக்காது.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அகப்பை என் மடியில், பிடி முன் சீற்றுக்காரரின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. சேலைக் கதை ஒன்றும் எழவில்லை. பரந்தன் சந்தி தாண்டியதும் மச்சாள் மெல்லிய குரலில் தொடங்கினார்.

"உமக்கு ஏன் உந்த வேலை? ஊரோட ஒத்துப்போகத் தெரியாதோ?"

"நான் என்ன செய்தனான்? ஒரு அகப்பை வாங்கினனான்."

"எனக்குக் காது குத்தாதையும். அவள் சமைச்சுப்போட்டு எங்களைச் சாப்பிடக் கூப்பிடப்போறாள். நீர் முன்னுக்கு நிண்டு பார்த்துக்கொண்டிருக்கப்போறீர், ஆர் சாப்பிடீனம், ஆர் சாப்பிடேல்லை எண்டு."

உண்மைதான். அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னதால்தானோ என்னவோ எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முகாமில அவள் கிண்டின கஞ்சியை வாங்கிக் குடிக்கேக்க ஊர் எங்கை போனது மச்சாள்?"

பஸ்ஸில் அதைக் கேட்டிருக்கக்கூடாது. ஆனால் கேட்டேன். யுத்தத்தின் கடைசி மாதங்களிலும் அதற்குப் பிறகு வவுனியாவுக்குப் பக்கத்து முகாமிலும் எங்கள் மூன்று வீட்டு ஆட்களும் ஒரே தறப்பாளுக்குக் கீழேதான் இருந்தோம். கிடைக்கிற அரிசியைக் கொண்டு கஞ்சி வைக்கிறவள் அவள். அகப்பை ஏது, ஒரு தடியைச் சீவி வைத்துக் கிண்டுவாள். மச்சாள்தான் முதலில் கோப்பையை நீட்டுவார், தன் மகளுக்காக. பிறகு தனக்காகவும் நீட்டுவார். அன்றைக்கு அந்தக் கை யாருடைய கை என்று யாரும் பார்க்கவில்லை. பசிக்கிறவனுக்கு அதெல்லாம் தெரியாது. ஊருக்குத் திரும்பி வந்து, வேலி அடைத்து, கிணறு இறைத்து, நெல் விதைத்து, வயிறு நிறையத் தொடங்கிய பிறகு மெல்ல மெல்ல எல்லாம் திரும்பி வந்தன. நல்லவையும் வந்தன, இதுவும் வந்தது.

மச்சாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது வேற காலம்," என்றார்.

குடிபூரலுக்கு முதல் நாள் பின்னேரம் அகப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் புது வீட்டின் சீமெந்து நிலத்தைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளைப் பிரித்தாள். பிடி வந்துகொண்டே இருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் மகன் கிணற்றடியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, நான் கோயில் கட்டியிருக்கன் எண்டு நினைச்சீங்களோ?"

அவளுடைய பேச்சு எங்கள் பேச்சுத்தான். கோபம் வந்தால் மட்டும் தாய் தகப்பன் பேசிய பேச்சுக்குப் போய்விடுவாள். அன்றைக்கு அந்த இரண்டையும் கேட்டேன்.

"நாளைக்கு நீ இதால கிண்டவேணும்," என்றேன். "கிடாரத்துக்குப் பக்கத்தில நீதான் நிற்கவேணும்."

அவள் அகப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. நிலத்து ஈரத்தில் இரண்டு பேரும் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தோம்.

"அக்கா, நான் ஒண்டு சொல்லுறன், ஏசாதேங்கோ. நாளைக்கு நீங்களே கிண்டுங்கோ."

"ஏனடி?"

"நீங்கள் சமைச்சால் உங்கட ஆக்கள் சாப்பிடுவினம். நான் அங்கால இருந்து தேங்காய் திருவித் தாறன்."

தன் வீட்டில், தன் குடிபூரலில், தன் வளவு மரத்துக்குக் கீழே சாக்கை விரித்து இருக்கிறேன் என்று சொன்னாள். அதையும் என்னிடம் கெஞ்சிக் கேட்டாள். நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று முழுக்க ஞாபகமில்லை. உனக்கு முதுகெலும்பு இல்லையா, யாருக்கு நீ பயம், இப்படியெல்லாம். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

"ஆமா, நீங்க கத்திட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு சோறு மிஞ்சிக் கெடந்தா அதப் பாத்துக்கிட்டு நிக்கப்போறது நான்தானே?"

கொஞ்ச நேரத்தில் அவளே தணிந்து, எங்கள் பேச்சுக்குத் திரும்பி வந்தாள். "இந்த வீட்டில நாலு பேர் இருந்து சாப்பிட்டிட்டு எழும்பவேணும் அக்கா. வேற ஒண்டும் வேண்டாம். சுவர் கட்டேக்க எல்லாம் அதைத்தான் நினைச்சுக்கொண்டு கட்டினனான்."

"நீ சமை," என்றேன். "சாப்பிடுவினம்." அப்படிச் சொல்ல எனக்கு என்ன உத்தரவாதம் இருந்தது? ஒன்றும் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

மறுநாள் அவள்தான் சமைத்தாள். சாம்பார், பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், பாயாசம், வடை. வவுனியாப் பக்கத்திலிருந்து அவளுடைய சொந்தக்காரர் வந்திருந்தார்கள், கலகலவென்று சாப்பிட்டார்கள். எங்கள் ஆட்களும் வந்தார்கள். வராமல் விடவில்லை, அதைச் சொல்லவேண்டும். நல்ல உடுப்பு உடுத்தி, மணிக்கூடுகளோடு வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்து, அறை காற்றோட்டமாக இருக்கிறது, நிலம் வழுவழுப்பாக இருக்கிறது என்று புகழ்ந்தார்கள். மகனைக் கெட்டிக்காரன் என்றார்கள். சோடா குடித்தார்கள். பந்தி விரித்ததும் ஒருவருக்கு வயலில் தண்ணீர் முறை வந்துவிட்டது. இன்னொருவருக்கு இன்னொரு வீட்டு அலுவல் இருந்தது. மச்சாள் விரதம் என்றார். அன்றைக்கு வியாழக்கிழமை. என்ன விரதம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் புதிதாக ஒரு சாமியைக் கண்டுபிடித்திருப்பார்.

அவள் அகப்பையைக் கையில் பிடித்தபடி பின்கதவில் நின்று ஒவ்வொருவராகப் போவதைப் பார்த்தாள். "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். கடைசி ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சொன்ன அதே குரலில் சொன்னாள். என் கணவர் வாய் திறக்காத மனிதர். அன்றைக்குப் பந்தியில் தனியாக இருந்து மூன்றாம் தரமும் சோறு வாங்கினார். அவருக்கு அவ்வளவு இறங்காது என்று எனக்குத் தெரியும். நானும் சாப்பிட்டேன். நாங்கள் இரண்டு பேர் எவ்வளவு சாப்பிட்டாலும் அந்தக் கிடாரம் குறைந்துவிடுமா?

மிஞ்சிய சோற்றையும் கறிகளையும் மகன் வாளிகளில் எடுத்துக்கொண்டுபோய், வாய்க்கால் துப்புரவாக்க வந்திருந்த ஆட்களுக்குக் கொடுத்தான். அவர்கள் அணைக்கட்டில் வரிசையாக இருந்து சாப்பிட்டார்களாம். வாளிகளைக் கழுவிக் கொடுத்துவிட்டார்கள். நான் அவளோடு கிணற்றடியில் இருந்து பாத்திரம் தேய்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. என்னை ஏசுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. எல்லாம் கழுவி முடித்த பிறகு சொன்னாள்.

"இனி நான் ஒருத்தர் வீட்டுக்கும் தேங்காய் திருவப் போகமாட்டன் அக்கா."

சொன்னபடி செய்தாள். அடுத்து வந்த ஓர் அந்தியேட்டிக்குப் போனாள், இருந்தாள், ஒரு சோடா குடித்துவிட்டு வந்துவிட்டாள். அன்றைக்குத் தேங்காய்ப்பூவில் சிரட்டைத் தூள் கிடந்தது. புதுவீடு வந்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது என்று கதைத்தார்கள். என் காதில் விழவேண்டும் என்றுதான் கதைத்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்த ஊரில் அவள் இனியும் இருக்கவேண்டும். நான் ஒரு சாமான் வாங்கிக் கொடுத்து அவளை வேலிக்கு அங்கால் தள்ளிவிட்டேனோ என்று இருந்தது.

மச்சாளின் மகளுக்குப் பொன்னுருக்கு வந்தது. தாலிக்குப் பொன் உருக்குவது மாப்பிள்ளை வீட்டில், ஆனால் அன்றைக்குப் பெண் வீட்டிலும் சாப்பாடு நடக்கும். கலியாணச் சாப்பாடு மண்டபத்தில், அதற்கு ஆள் பிடித்தாயிற்று. பொன்னுருக்குச் சாப்பாடு வீட்டில்தான், வழக்கம்போலப் பெண்கள் கூடிச் சமைக்கவேண்டும். தேங்காய்க்கு வேறு ஆள் பிடித்துவிட்டார் மச்சாள். ஆனால் மணப்பெண் குழப்பிவிட்டாள். அவள் குழந்தையாக இருந்தபோது ஷெல்லுக்குள்ளால் அந்தத் தூரமெல்லாம் கடந்தது என் சிநேகிதியின் இடுப்பில் இருந்துதான். "அன்ரி வராட்டி எனக்குப் பொன்னுருக்கு வேண்டாம் அம்மா" என்று சொல்லிவிட்டாள். மச்சாள் என்னிடம் வந்தார்.

"நீர் ஒருக்காப் போய்ச் சொல்லும். நீர் சொன்னால் வருவாள்."

நான் போனேன். வழியெல்லாம் எனக்குள் கொண்டாட்டம். இதுதான் நேரம் என்று நினைத்தேன். "அகப்பையைத் தந்தால்தான் வருவன் எண்டு சொல்லு," என்றேன் அவளிடம். "அந்தக் கிடாரத்தடியில நான் உன்னைப் பார்க்கவேணும்."

அவள் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்னப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"அக்கா, அகப்பை உங்கட சண்டை. அவா என்ர வீட்டுக்கு வந்து கூப்பிடட்டும். வந்து ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும். அதுக்குப் பிறகு அவா திருவலையைத் தந்தாலும் சரி, அகப்பையைத் தந்தாலும் சரி, நான் செய்வன்."

நான் அவள் வீட்டுக் கதிரையில் இருந்து யோசித்தேன். அவள் சொன்னது சரி. அவளுக்காக வாங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதி மச்சாளுக்காக வாங்கியது, ஊரின் முகத்துக்கு நேரே நீட்ட வாங்கியது. அவள் கேட்டது அவ்வளவு பெரிய சாமான் இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. பயற்றங்காயில் ஒரு பிடி எடுத்து நானும் முறித்தேன்.

மச்சாளிடம் அப்படியே சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல். அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் ஒரு பதிலும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். பிறகு ஒரு பின்னேரம் நல்ல சேலை உடுத்தி, கலியாணக் கார்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வேலிப் படலையில் நின்றார்.

"வாரும், போவம்," என்றார். முகத்தைப் பார்த்தால் பல்லுப் பிடுங்கப் போகிறவர் போல இருந்தது. நான் அன்றைக்கு வாய் திறப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

கார்ட்டைக் கொடுத்தார். முறையாகக் கூப்பிட்டார். சிநேகிதியும் முறையாக இரண்டு கையாலும் வாங்கினாள். மகளைப் பற்றிக் கதைத்தார்கள், மாப்பிள்ளை பகுதியைப் பற்றிக் கதைத்தார்கள். அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டு வந்தாள். பால் தேத்தண்ணி, பூப்போட்ட புதுக் கோப்பையில். மச்சாளின் முன்னால் ஸ்ரூலில் வைத்துவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். 'குடியுங்கோ' என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மச்சாள் அறையைப் பார்த்தார். மேலே ஓட்டைப் பார்த்தார். கோப்பையில் ஆடை படியத் தொடங்கியது. வெளியே யாரோ ஒருவர் உழவு இயந்திரத்தில் போனார், அந்தச் சத்தம் அடங்கும்வரை மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். எழும்பி, 'எனக்கு நேரம் போகுது' என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டிக் கோப்பையை எடுத்தார். விரலால் ஆடையை ஒதுக்கினார். ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய். நிறுத்தாமல் அடிவரைக்கும் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

"சீனி கூட," என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை, ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "குறைச்சு இன்னொண்டு போட்டுத் தரட்டோ?" என்றாள்.

வேண்டாம் என்றிருக்கலாம். கேட்டது ஒரு தேத்தண்ணி, அது குடித்தாயிற்று. மச்சாள் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஓம் பிள்ளை, போடு," என்றார்.

அவள் குசினிக்குள் போனாள். தேத்தண்ணி வரக் காணவில்லை. நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் சீனிப் போத்தலைத் திறந்து, கையில் தேக்கரண்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றாள் ரகசியமாக, "அவாவுக்கு எத்தினை கரண்டி?"

எத்தனை வருடம் வேலிக்கு வேலி இருந்திருக்கிறோம். அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

"ஒரு கரண்டி," என்றேன். ஒரு விரலையும் காட்டினேன்.